டிக்கி வைத்த பழைய கார்: இரும்பையும் பாருங்கள், காகிதத்தையும் பாருங்கள்

குடும்பத்தில் நாலு பேர். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போக ஒரு கார் இருந்தால் நன்றாக இருக்கும். புது காருக்குக் கையில் பணம் இல்லை, வருஷக்கணக்கில் தவணை கட்ட மனசும் இல்லை. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. வெள்ளை செடான், பெரிய டிக்கி, 12 வருஷம் ஓடிய வண்டி, விலை ஒன்றே முக்கால் லட்சம். "சார், டாக்டர் வண்டி சார். ஒரே ஓனர். சாவியைப் போட்டு ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறார் புரோக்கர். (பழைய கார் சந்தையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் டாக்டர் வண்டிக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை.)

படத்தைப் பார்த்து மனசு கொஞ்சம் இளகிவிட்டதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பழைய கார் வாங்குவதில் தப்பே இல்லை. பார்த்து வாங்கி, வரிசையாகச் சரிசெய்து வைத்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் குடும்பத்தைச் சுமக்கும். ஆனால் பழைய காரில் ரிப்பேர் இரண்டு வகை. ஒன்று இரும்பில் வருவது. அது சத்தம் போட்டு, புகை விட்டுத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று காகிதத்தில் வருவது. அது சத்தமே போடாது. போலீஸ் வண்டியை நிறுத்தும் அன்றோ, விபத்து நடந்த அன்றோதான் தெரியவரும். செலவு அதிகம் வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

போனில் பத்து நிமிடம்

புரோக்கரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வண்டியின் ஜாதகம் வந்துவிடும். எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், எந்தத் தேதியில் பதிவானது, பெட்ரோலா டீசலா, ஆர்.சி. எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் எப்போது முடிகின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையாளர் பெயரில் மட்டும் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். எனவே விற்பவரின் அசல் ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் நேரில் பார்த்தே ஆக வேண்டும். அவர் தன் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினாலும் சரிதான். ஆனால் போனில் அனுப்பிய ஆர்.சி. படத்தை நம்ப வேண்டாம், அதை யாரும் திருத்திவிடலாம்.

பதிவுத் தேதியில் கண்ணை வையுங்கள். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். 2012 மார்ச்சில் பதிவான காரின் ஆர்.சி. 2027 மார்ச்சில் முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் அந்தக் காரை வாங்கினால், புதுப்பிக்கும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். அதை விலையில் பேசிக் குறையுங்கள்.

ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். "லோன் எப்பவோ முடிஞ்சுது சார், பேரை மட்டும் எடுக்கலை" என்பார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, அந்தப் பெயரை எடுத்த பிறகுதான் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இ-சலான் இணையதளத்தில் அதே பதிவு எண்ணைப் போட்டு, கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் விற்பவர் கட்டட்டும்.

பழைய செடான்களுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, கேஸ் கிட். எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. பொருத்திய கார் என்றால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அது சட்டத்துக்குப் புறம்பான மாற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். இரண்டாவது, மஞ்சள் போர்டு. டிசையர், எட்டியோஸ், இண்டிகோ போன்றவை ஊரெங்கும் வாடகைக் காராக ஓடியவை. அப்படி ஓடிய வண்டி பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றுவது குற்றமில்லை. ஆனால் வாடகைக்கு ஓடிய காரின் மீட்டர் 70 ஆயிரம் கிலோமீட்டர் காட்டினால் அதை நம்ப வேண்டியதில்லை. பிரேக் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் பளபளக்கிறதா, டிரைவர் சீட் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். மீட்டரைத் திருத்தலாம், இதையெல்லாம் திருத்துவது கஷ்டம். அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒழுங்காக சர்வீஸ் செய்த வண்டி என்றால், கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற பதிவு அங்கே இருக்கும். விற்பவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வெளிமாநில வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 வருஷம் கடந்த டீசல் காருக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் காருக்கும் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் கட்டுப்பாடு விதித்ததால், அங்கிருந்து கார்கள் மலிவாகத் தெற்கே வருகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இங்கே சாலை வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியே மேல் என்று பல நேரம் தோன்றும்.

காலை ஏழு மணிக்குப் போங்கள்

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம்தான். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால், கூலன்ட் உள்ளே போய் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர் போல வெளுத்த கசடு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது நம் மாநிலத்தில் அவசியம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கங்களிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டு, வாசனை ஸ்பிரே அடித்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கறை அதில் இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியைப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்த தாமிரம், கால் மிதியடிக்கு அடியில் ஈர வாடை ஆகியவை எல்லாம் சாட்சிகள். வெள்ளத்தில் நின்ற காரின் மின்சாரக் கோளாறு ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் பக்கம் வேலை இருக்கிறது. இது பழைய காரில் சாதாரணம், பயப்பட வேண்டாம், விலையில் பேசலாம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், பிரேக் பிடித்தால் பெடல் அதிர்வதும் அதே ரகம். மேட்டில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. இது பெரிய செலவு.

நீங்கள் பார்க்கும் மாடலில் இன்ஜினின் டைமிங் பெல்ட்டால் ஓடுகிறதா, செயினால் ஓடுகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பலர் கேட்கத் தவறும் கேள்வி இது. ஹூண்டாயின் பழைய ஆக்சென்ட் பெட்ரோலில் ரப்பர் பெல்ட், டிசையரின் 1.2 லிட்டர் பெட்ரோலில் செயின். பெல்ட் என்றால் அதற்கு ஆயுள் உண்டு. ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். "பெல்ட் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டு, பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். ஸ்பேர் கிடைக்குமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். மறைமலை நகரில் உருவான ஐகானும் ஃபியஸ்டாவும் இன்றும் ஓட்ட இதமான வண்டிகள். ஆனால் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. நின்றுபோன மாடல் எதுவானாலும், உங்கள் ஊர் மெக்கானிக் "கிடைக்கும்" என்று சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள்.

பணம் கைமாறும் நாள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், இதை எழுதுகிற நான் உட்பட. சில வருஷங்களுக்கு முன் என் பழைய காரைத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த வாரமே மாத்திடுறேன் சார்" என்றார். நானும் அதோடு மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, நான் போயே இராத ஊரில் சிக்னலை மீறியதாக என் போனுக்கு அபராதக் குறுஞ்செய்தி வந்தது. அபராதம் பெரிதில்லை. அந்தக் கார் அன்று யார் மீதாவது மோதியிருந்தால்?

அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் விடை சொல்லியிருக்கிறது. ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. 2009-ல் அந்தக் கார் விபத்தை ஏற்படுத்தியபோதும் ஆர்.சி. முதலாமவர் பெயரிலேயே இருந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்றுவிட்டேன், பணம் வாங்கிவிட்டேன் என்பதெல்லாம் விபத்தில் அடிபட்டவருக்கு எதிராக எடுபடாது.

எனவே விற்பவராக இருந்தாலும் வாங்குபவராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரிவாஹன் இணையதளத்தில் வாகனச் சேவைகள் பகுதியில் விண்ணப்பித்துக் கட்டணத்தையும் கட்டலாம். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, நிலை என்ன என்று போனிலேயே பார்க்கலாம். விண்ணப்பிக்கும்போது உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவில் ஏற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் உங்கள் அபராதச் செய்தி பழைய ஓனருக்கும், அவர் கோபம் உங்களுக்கும் வந்து சேரும்.

விற்பவர் ஒரு காரியம் கூடுதலாகச் செய்ய வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து எம்-பரிவாஹனில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால் அன்றே போன் போடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பழைய கார் விற்கும் கடைக்காரரிடம் காரை விட்டால்? 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பதிவு செய்த வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். நீங்கள் காரை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பிறகு வண்டிக்கு நடப்பதற்கு அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்பட்டுப் பொறுப்பாவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார், சாவியைக் குடுங்க" என்றால், 29சி போட்ட பிறகு சாவி என்று சொல்லுங்கள்.

அப்பா பெயரில் இருக்கும் காரை, அவர் காலமான பிறகும் அப்படியே ஓட்டுகிற வீடுகள் பல. அதற்கும் வழி இருக்கிறது. 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருங்கள்.

இன்ஷூரன்ஸ் தனிக் கதை. மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்து புது உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் சொந்தக் கார் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். 'நோ கிளைம் போனஸ்' காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய ஓனரின் தள்ளுபடி உங்களுக்கு வராது. இன்னொன்று: பழைய காருக்கு முழு பாலிசி எடுத்தாலும் டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 10 வருஷம் தாண்டிய காரின் இரும்புப் பாகங்களுக்கும் அப்படியே. ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் காருக்கு முழு பாலிசி தேவையா என்று கணக்குப் போடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடும், 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடும் மட்டும் எந்தக் கணக்கிலும் விடக்கூடாதவை.

முதல் மூன்று மாதம்

வாங்கும்போது இருக்கிற பணத்தை எல்லாம் கொடுத்துவிடாதீர்கள். விலையில் நான்கில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினால் 45 ஆயிரமாவது கையில் இருக்கட்டும். அந்தப் பணம் முதலில் மியூசிக் சிஸ்டத்துக்கும் சீட் கவருக்கும் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டயரில் கம்பி தெரியும், உள்ளே பாட்டு மட்டும் பிரமாதமாகக் கேட்கும். செலவு செய்ய ஒரு வரிசை உண்டு: வண்டி நிற்க வேண்டும், ஒழுங்காகத் திரும்ப வேண்டும், சூடாகாமல் ஓட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

முன் பிரேக் பேட், பின் பிரேக் ஷூ இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் ஆவியாகி, பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற ஆகும் செலவு சொற்பம். மலையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவதற்குச் செலவே இல்லை.

டயரில் கோடு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. அதிகம் ஓடாத காரில் டயர் தேயாமலேயே கிழடாகிவிடும், ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். அந்த டயரோடு வெயில் நேரத்தில் நாற்கரச் சாலையில் நூறில் போவது உயிரோடு விளையாடுவது. கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் தகுதியற்றது.

இன்ஜின் சூடாவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு, போர் தண்ணீர். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. வீட்டில் வாளியின் ஓரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வாங்கியதும் பழையதை வடித்துக் கழுவி, கம்பெனி சொன்ன வகைக் கூலன்ட் போடுங்கள். கூடவே ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்து, கல்லாக இறுகியதையும் நொந்துபோனதையும் மாற்றுங்கள். பெட்ரோல் போகும் ஹோஸையும் அதே நேரம் பாருங்கள். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்கள் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம். ஓட்டத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் உடனே திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுகிற அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

ஏ.சி. பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். "கேஸ் தீந்துபோச்சு சார், போட்டா ஐஸ் மாதிரி அடிக்கும்" என்பது ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்கிற வசனம். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றினால் அந்தப் பணமும் காற்றில்தான் போகும். முதலில் கசிவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கும் பில்லும்

நல்ல மெக்கானிக் அமைவது வரம். அமைந்தால் விடாதீர்கள், பேரம் பேசி நோகடிக்காதீர்கள். ஆனால் நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூடுதல் வேலை வந்தால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பாகத்துக்குப் பில் வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரானாலும் தெருமுனை ஷெட்டானாலும் இதே பழக்கம்தான்.

2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சிறிய புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, போனில் செயலி வைத்தால் 'செக் இன்ஜின்' விளக்கு எதற்கு எரிகிறது என்று கோடு காட்டும். பி0300 என்றால் இன்ஜின் மிஸ் ஆகிறது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. கோடு என்பது அறிகுறிதான், நோயின் பெயர் அல்ல. பி0171 வந்ததும் சென்சாரை மாற்றிவிட்டு, கடைசியில் வெடித்த காற்றுக் குழாய் ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தால் சென்சார் காசு போனது போனதுதான். கோடைப் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், தீர்ப்பை அவரிடம் விடுங்கள்.

பழைய ஸ்பேருக்கு சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், சைடு மிரர், கதவு கைப்பிடி, ஸ்விட்ச் ஆகியவற்றைப் பழையதில் தாராளமாக வாங்கலாம், நல்ல மிச்சம். பிரேக் சம்பந்தப்பட்டது, சீட் பெல்ட், ஏர்பேக், டைமிங் பெல்ட், டயர் ஆகியவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது. எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள், திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் வம்பு உங்களைத் தேடி வரும்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை சரியில்லை, போலி ஸ்பேர் போட்டுவிட்டார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீரவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவும் மனு செய்யலாம். அப்போது கேட்கப்படுவது அந்த எஸ்டிமேட்டும் பில்லும்தான்.

15 வருஷம் முடியும்போது

தமிழ்நாட்டில் 15 வருஷம் ஆனதும் காரை ஒழித்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டு இங்கே அவசரமாக அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் காருக்கு நிர்ணயித்த கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் அது 10,000 ரூபாயானது. இதோடு பசுமை வரியும் உண்டு. தாமதமானால் மாதாமாதம் கூடுதல் கட்டணம் சேரும்.

மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். சேசிஸ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லா விளக்கும் எரிய வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். புகைச் சான்று பி.எஸ்.4 வண்டிக்கு ஒரு வருஷமும் அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதமும் செல்லும். முந்தின நாள் மாலை வீட்டு வாசலிலேயே ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு பல்புக்காக இன்னொரு நாள் அலைவது வீண்.

புதுப்பிக்க ஆகும் ரிப்பேர் செலவு காரின் விலையையே தொட்டுவிட்டால், அல்லது அடிச்சட்டத்திலேயே துரு ஏறிவிட்டால், பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். காயலான் கடையில் தூக்கிப் போடாதீர்கள். பதிவு பெற்ற நிலையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது சலுகை கேட்க அது உதவும். அதைவிட முக்கியம், உங்கள் பெயரில் உள்ள பதிவு ரத்தாகும். ரத்தானதா என்று எம்-பரிவாஹனில் ஒரு முறை அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றுங்கள்.